நிலாப் பிரமிடின் காணிக்கைக் குழிகள்

மெக்சிக்கோ நகருக்கு வடகிழக்கே உள்ள தியோதிவாக்கான் என்னும் பண்டைய நகரின் நிலாப் பிரமிடு, ஒன்றை ஒன்று மூடியவாறு எழுந்த ஏழு கட்டடங்களின் தொகுப்பு என்பதை, 1998 முதல் 2004 வரை தொல்லியலாளர்கள் சபுரோ சுகியாமாவும் ரூபன் கப்ரேராவும் நடத்திய அகழாய்வு காட்டியது. உச்சியிலிருந்து தோண்டினால் பிந்தைய கட்டடங்கள் அழிந்துவிடும் என்பதால், உள்ளே சுரங்கம் குடைந்தே காணிக்கைக் குழிகளை அடைந்தனர்.

இக்குழிகள் இறந்தவரைப் பேணும் கல்லறைகள் அல்ல. கட்டடத்தை விரிவாக்கும்போது அதற்குப் புனிதம் ஏற்றுவதற்காக மனிதரையும் விலங்குகளையும் பொருள்களையும் ஒழுங்காக அமைத்து மூடியவை. சடங்கில் கடைசியாக வைக்கப்பட்டது அகழ்வோர் கண்ணில் முதலில் படுவதால், அவர்கள் அச்சடங்கைப் பின்னிருந்து முன்னாகவே படிக்க நேர்கிறது. எடுத்த பொருளைத் திரும்ப அதே கிடையில் வைக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு படிநிலையிலும் அளந்து, வரைந்து, படமெடுத்த பிறகே எதையும் அசைக்கலாம்.

அப்சிடியன் எனப்படும் எரிமலைக் கண்ணாடியால் செய்த கத்திகளும் பச்சைக்கல் உருவங்களும் அருங்காட்சியகத்தில் கூட்டத்தை ஈர்க்கலாம். ஆனால், குழியில் அவற்றைவிட மதிப்புள்ளவை, அவசரக்காரர் சுரண்டி எறிந்துவிடக்கூடிய மண்கறைகளே. இரண்டாம் புதைகுழியில் பூமாக்களும் (அமெரிக்கக் கண்டத்தின் பெரும்பூனை வகை) ஓநாயும் கிடந்த இடத்தில், மட்கிய மரக்கூண்டுகளின் தடமும் விலங்குக் கழிவும் தென்பட்டமையால்தான், அவை உயிரோடு கூண்டில் அடைத்துப் புதைக்கப்பட்டன என்று கருத முடிந்தது. எலும்புகளை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தால் இச்செய்தி எவருக்கும் எட்டியிராது.

மனித எலும்புகளுக்கும் இதுவே பொருந்தும். கட்டிய கயிறு மட்கிப்போனாலும், முதுகுப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டுக் கிடக்கும் முன்கை எலும்புகள் அந்த மனிதர் பிணிக்கப்பட்டிருந்ததைச் சொல்லும்; ஆறாம் புதைகுழியின் பன்னிருவரில் பத்துப் பேர் தலையற்றவர்கள் என்பதும், எலும்புகள் கிடந்தபடியே பதிவானதால்தான் ஐயமின்றி நிலைபெற்றது. அதே நகரின் இறகுப் பாம்புப் பிரமிடிலோ பழங்காலத்திலேயே கொள்ளையர் உட்புகுந்து சில புதைகுழிகளைக் கலைத்துவிட்டனர். அவர்கள் அழித்தவற்றுள் பொருள்களின் கிடை பற்றிய செய்தியே பேரிழப்பு என்பது இத்தொழிலில் பழகியோரின் கணிப்பு.

குழியை விட்டு எலும்பு வெளியேறிய பின்னும் ஆய்வு தொடர்கிறது. உண்ட உணவின் வேதிச் சுவடான கார்பன் ஐசோடோப்பு அளவுகள், நிலாப் பிரமிடில் புதைந்த விலங்குகளுள் சில மக்காச்சோளத்தில் வேர்கொண்ட உணவுச் சங்கிலியில் வளர்ந்தவை என்று காட்டின. காட்டில் திரியும் வேட்டை விலங்குக்கு அவ்வுணவு எளிதில் வாய்க்காது என்பதால், மனிதர் அவற்றைப் பிடித்துச் சில காலமேனும் தீனியிட்டு வளர்த்தனர் என்று ஆய்வாளர் முடிவு கட்டினர்.