டெல்டாவில் மாசம் கிடையாது

எங்கள் பக்கத்தில் டீக்கடை பெஞ்சில்கூட 'டெல்டா' என்ற சொல் புழங்கும். அது கிரேக்க எழுத்து என்று யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது! பினீசியர்களின் 'தாலெத்' என்ற எழுத்துக்குக் கதவு என்று பொருள். அதுவே கிரேக்கரிடம் போய் முக்கோண டெல்டா ஆயிற்று. நைல் நதி கிளை பிரிந்து கடலில் சேரும் நிலமும் அதே வடிவம் என்பதால் அதற்கும் அந்தப் பெயர். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் அப்படித்தான் எழுதினார். நம் காவிரி முக்கோணத்துக்கு உச்சி மேற்கே, கல்லணைப் பக்கம். அடி கிழக்கே கடலோரம். எழுத்தைப் படுக்க வைத்த மாதிரி.

கணக்கு வாத்தியாருக்கு டெல்டா என்றால் மாற்றத்தின் அளவு. பாசனப் பொறியாளனான எனக்குச் சோறு போட்டது இன்னொரு டெல்டா. ஒரு பயிருக்கு முதல் தண்ணீரிலிருந்து கடைசித் தண்ணீர் வரை பாய்ச்சியதையெல்லாம் வயலிலேயே தேக்கினால் எத்தனை உயரம் நிற்குமோ, அதுதான் அது. நெல்லுக்குப் பாடப்புத்தகம் 120 செ.மீ. சொல்லும், ஏறக்குறைய 4 அடி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. 4 அடி உயரத்துக்கு நிறுத்தினால் சுமார் 5,700 ஏக்கர். வழியில் வாய்க்கால் மண் குடிப்பது தனிக் கணக்கு.

வேலையில் சேர்ந்த புதிதில் இதை அப்பாவிடம் அளந்தேன். எங்கள் நிலம் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. அந்த வருஷம் சம்பா தொண்டைக் கதிரில் இருந்தபோது வாய்க்கால் காய்ந்துவிட்டது. முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எங்கள் முறை வந்தபோது மேலே இருந்தவர்கள் விட்டு வைத்தது சேறுதான்.

நான் நோட்டில் கூட்டிப் பார்த்தேன். "மழையும் வாய்க்காலும் சேர்த்து மூணரை அடி வந்திருக்குப்பா. ரொம்பக் குறைச்சல் இல்ல."

அப்பா வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து ஊதினார். எல்லாம் பறந்தது.

"ஐப்பசியில மூணு அடி பேஞ்சு வடிஞ்சு போச்சு. மார்கழியில அரை அடி வந்திருந்தா போதும்டா. ஒன் டெல்டாவுல மாசம் கெடையாதா?"

கிடையாது. அது மொத்த உயரம் மட்டுமே.

அந்த வருஷம் வீட்டுக்கு வைக்கோல்தான் வந்தது. தங்கை கல்யாணத்தைத் தள்ளி வைத்தோம். அப்பா அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஓய்வு பெறும்வரை என் நோட்டில், மேலதிகாரி யாரும் கேட்காத ஒரு கட்டத்தைப் பென்சிலால் போட்டு வைத்திருந்தேன்: கடைமடைக்குத் தண்ணீர் எட்டிய தேதி.