கிளி லேபிளும் மஞ்சள் கேசட்டும்

போன மாசம் நம்ம பள்ளியில் நடந்த பட்டிமன்றம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். "வீடியோ கேமைக் காப்பி எடுத்து விளையாடுவது திருட்டா, இல்லையா?" என்பது தலைப்பு. நான் 'திருட்டே' அணியில் பேசினேன். மேடையில் சொன்னது பாதிதான். மீதியை இங்கே எழுதுறேன்.

முதல்ல ஒரு உண்மை. அந்த அணியை நானா கேட்டு வாங்கலை. சீட்டு எடுத்ததுல எனக்கு அதுதான் வந்துச்சு. வீட்டுல போய்ச் சொன்னதும் தம்பி விழுந்து விழுந்து சிரிச்சான். ஏன்னா எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல இருக்குற கார் கேமே அவன் கூட்டாளி பென் டிரைவ்ல கொண்டு வந்து ஏத்தினதுதான். கடையில வாங்குனா அது மூவாயிரம் ரூபாய்க்கு மேல. அம்மா பட்டாசு ஆலைக்குப் போய் வாங்குற வாரக் கூலியை விட அதிகம். "பேசுக்கா, நான் முன்னாடி உக்காந்து கேக்குறேன்"னு சொல்லிட்டுப் போனான். எனக்கு அன்னிக்கே வயித்தைக் கலக்கிருச்சு.

எங்க வீட்டுல இன்னொரு காப்பியும் உண்டு. மாமா சின்னப் பையனா இருந்தப்ப சாத்தூரில் வாங்கின டிவி கேம். மஞ்சள் கலர் கேசட், மேல '9999 கேம்'னு போட்டிருக்கும். மாமா ஒரு லீவு முழுக்க உக்காந்து பாத்தாராம், மொத்தம் இருபதுதான், அதே கேம் வேற வேற பேருல திரும்பத் திரும்ப வருமாம். காப்பி அடிச்சவன் எண்ணிக்கையிலயும் ஏமாத்திட்டான்!

கம்ப்யூட்டர் டீச்சர் இந்தக் கேசட்டைப் பாத்துட்டு அதோட கதையைச் சொன்னாங்க. 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி விட்ட கேம் மெஷினுக்குப் பூட்டே கிடையாது. அதனால அதைப் பாத்து வேற நாடுகள்ல காப்பி மெஷினும் காப்பி கேசட்டும் செஞ்சாங்க. மாமாவோடது அந்த வம்சம்தான். 1985-ல் அமெரிக்காவில் விக்கும்போது கம்பெனி உஷாராயிட்டாங்க. மெஷினுக்குள்ள ஒரு சிப், கேசட்டுக்குள்ள ஒரு சிப். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். பதில் சரியா வரலைன்னா கேம் ஓடாது, திரும்பத் திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சுக்கிட்டே இருக்கும். அந்தப் பூட்டை உடைக்க அடாரி கேம்ஸ்ங்கிற கம்பெனி என்ன செஞ்சாங்க தெரியுமா? கேஸுக்கு வேணும்னு பொய் சொல்லி, அரசாங்கத்தோட காப்பிரைட் ஆபீஸ்லயே பதிவு பண்ணி வெச்சிருந்த அந்த புரோகிராமை வாங்கிட்டாங்க. சாவி ஒளிச்சு வெச்ச இடத்துலயே போய்க் கேட்டு வாங்குன மாதிரி! 1992-ல் கோர்ட்டு நிண்டெண்டோ பக்கம்தான் நின்னுச்சு.

நம்ம நாட்டுலயும் 1957-ல் வந்த காப்பிரைட் சட்டத்துல, இந்த மாதிரி பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில்னு 2012-ல் சேர்த்திருக்காங்க. தமிழ்நாட்டுல 2004-லயே திருட்டு விசிடி விக்கிறவங்களைக் குண்டர் சட்டத்துல கொண்டு வந்தாச்சு. இதையெல்லாம் மனப்பாடம் பண்ணி வெச்சுக்கிட்டேன். ஆனா எனக்கே நம்பிக்கை வரலை.

ராத்திரி அப்பா சாப்பிடும்போது கேட்டேன். அப்பா சிவகாசியில ஆப்செட் அச்சகத்துல டிசைனர்.

"அப்பா, காப்பி எடுக்குறது திருட்டாப்பா?"

அப்பா ஒண்ணும் சொல்லலை. கை கழுவிட்டு வந்து, டிரங்குப் பெட்டியத் திறந்து ரெண்டு தீப்பெட்டி லேபிளை எடுத்துக் கொடுத்தாங்க. ரெண்டுலயும் கிளி. ஒண்ணு பச்சைக் கிளி, மூக்குல கோவைப்பழம். இன்னொண்ணு நீலக் கிளி, அதே கோவைப்பழம்.

"பச்சை நான் போட்டது பாப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி. மூணு ராத்திரி உக்காந்து பிரஷ்ல வரைஞ்சேன். ஆறு மாசம் கழிச்சு ஒரு டீக்கடையில நீலத்தைப் பாத்தேன்."

"வேற யாராச்சும் இதே மாதிரி வரைஞ்சிருக்கலாம்லப்பா?"

"காலைப் பாரு."

கிளிக்கு முன்னாடி ரெண்டு விரல், பின்னாடி ரெண்டு விரல்தான் உண்டாம். அப்பா தெரியாம முன்னாடி மூணு போட்டுட்டாங்க. நீலக் கிளிக்கும் முன்னாடி மூணு விரல்! அப்பாவோட தப்பையும் சேத்துத் திருடியிருக்காங்க. அச்சகத்துல சொன்னதுக்கு, "இதுக்கெல்லாம் வருத்தப்பட்டா தொழில் பண்ண முடியாது"ன்னு முடிச்சுட்டாங்களாம்.

எனக்கு ஒரே சந்தோசம், பேச்சுக்கு நல்ல உதாரணம் கிடைச்சிருச்சேன்னு. அப்புறம் சும்மா இருக்காம இன்னொரு கேள்வி கேட்டேன். "நீங்க கம்ப்யூட்டர்ல முதல்ல வரையக் கத்துக்கிட்ட கோரல் டிரா, அது காசு கொடுத்து வாங்கினதாப்பா?"

அப்பா லேபிளைப் பெட்டிக்குள்ள வெச்சு மூடினாங்க. "அப்ப வேலை பாத்த இடத்துல ஒரு சிடி வந்துச்சு. நம்பர் அடிச்சாத்தான் திறக்கும். நம்பரை ஒரு துண்டுத் தாள்ல எழுதிக் கொடுத்தாங்க. அதுலதான் கத்துக்கிட்டேன். அதை வெச்சுத்தான் இந்த வீட்டுல சோறு."

அதனாலதான் மேடையில கிளியைப் பத்திப் பேசலை. பாதியை மட்டும் சொல்ல மனசு வரலை. இப்ப அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

பட்டிமன்றத்துல எதிரணிக்குத்தான் கைதட்டல் அதிகம். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்களே, அது திருட்டான்னு கேட்டாங்க. நான் விடலை. அவங்க தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க, அடுத்தவங்க லேபிளை ஒட்டி விக்கலைன்னு சொன்னேன். அதுக்கு எனக்கும் தட்டினாங்க.

ஆனா அடுத்த கேள்விக்கு மாட்டிக்கிட்டேன். 2013-ல் வந்த சிம்சிட்டி கேமுக்கு நெட் இருந்தாத்தான் ஓடும்னு பூட்டு போட்டிருந்தாங்களாம். வெளியான சமயத்துல சர்வர் தாங்காம, காசு கொடுத்து வாங்கினவங்களே விளையாட முடியாமப் போச்சு. 2014-லதான் நெட் இல்லாம விளையாட விட்டாங்க. "மழை பெய்ஞ்சா சிக்னல் போற ஆலங்குளத்துல, வாங்கினவன் விளையாட முடியாது, காப்பி அடிச்சவன் விளையாடுவான். அப்ப பூட்டு யாருக்கு?"ன்னு கேட்டாங்க. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. பூட்டு போட்டவங்க மேலயும் தப்பு இருக்கு. ஆனா பூட்டு மோசமா இருந்தா வரைஞ்சவங்களுக்குக் காசு வேண்டாம்னு ஆகிடுமா? கிளிக்கு யாரும் பூட்டு போடலையே. இது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தோணுச்சு. மேடையில பெல் அடிச்சுட்டாங்க.

கடைசியில நடுவர் டீச்சர் என்னைப் பாத்து, "உங்க வீட்டுல காப்பி கேம் இருக்காம்மா?"ன்னு கேட்டாங்க. தம்பி முன் வரிசையில எந்திரிச்சே நின்னுட்டான். "இருக்கு டீச்சர்"னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. இரண்டாம் பரிசு கொடுத்தாங்க, ஒரு பேனா.

கேமை அன்னிக்கு சாயங்காலமே அழிச்சேன். தம்பி நாலு நாளா பேசலை. அஞ்சாம் நாள் வந்து, "அப்ப மாமா கேசட்டையும் தூக்கிப் போடணுமா?"ன்னு கேட்டான். அது பீரோ மேலதான் இன்னும் இருக்கு. மாமா ஊருக்கு வந்தா அதைத்தான் முதல்ல எடுப்பார். என்ன பண்றதுன்னு தெரியலை.

அப்பாகிட்ட அந்தப் பச்சைக் கிளி லேபிளைக் கேட்டு வாங்கி, கணக்கு நோட்டுக்குள்ள வெச்சிருக்கேன். பாக்கணும்னா மதிய இடைவேளையில வாங்க, காட்டுறேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஆலங்குளம்