திரும்பி வந்த பையன்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு பையனை அதிகம் போனால் நாலைந்து சீசன் பார்க்கலாம். பெயர் மனதில் பதிந்து, அவன் எந்தக் கோணத்தில் பந்தை எறிவான் என்று நமக்குப் பழகும்போது பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். இது தெரிந்தும்தான் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆடவர் அணியை விரும்பத் தொடங்கினேன்.

டோனி பென்னெட் பயிற்சியாளராக இருந்த காலம் அது. அவருடைய அணி நிதானமாக ஆடும், புள்ளிகள் குறைவாகவே விழும். சலிப்பூட்டும் ஆட்டம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. எதிரணியின் பந்து ஒரு கை மாறினால் இவர்கள் ஐந்து பேரும் ஒன்றாக நகர்வார்கள். கூடைக்கு அருகே நுழையவே வழி இருக்காது. அந்தத் தடுப்புமுறை அவருடைய அப்பா டிக் பென்னெட் வகுத்தது. இப்படி ஆட ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆட வேண்டும்.

2018 மார்ச் 16 அன்று, தேசியப் போட்டியின் முதல் சுற்றில், தரவரிசையில் முதலிடத்தில் இருந்த இந்த அணி 16ஆம் இடத்து யுஎம்பிசி கல்லூரியிடம் 74-54 என்று தோற்றது. அதற்குமுன் ஆடவர் போட்டியில் 16ஆம் இட அணிகள் முதலிட அணிகளோடு 135 முறை மோதி ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. முக்கிய ஆட்டக்காரர் டியாண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு முறிந்து வெளியே இருந்தார் என்பது உண்மைதான். ஆனாலும் இருபது புள்ளி வித்தியாசத்துக்கு அது சமாதானம் ஆகாது. அணியின் ஆட்டக்காரர் கைல் கை அந்தத் தோல்வியில் தான் குனிந்து நின்ற படத்தையே தன் கைப்பேசித் திரையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு கைல் கை, டை ஜெரோம், ஹன்டர் மூவரும் திரும்பி வந்தார்கள். 2019 அரையிறுதியில் ஆபர்னுக்கு எதிராக 62-60 என்று பின்தங்கியிருந்தபோது, 0.6 நொடி மிச்சமிருக்க, கைல் கைக்கு மூன்று ஃப்ரீ த்ரோ கிடைத்தது. சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். முதல் இரண்டும் விழுந்தன. ஆபர்ன் டைம் அவுட் கேட்டுக் காக்கவைத்தது. மூன்றாவதும் விழுந்தது. ஏப்ரல் 8 அன்று டெக்சாஸ் டெக்கைக் கூடுதல் நேரத்தில் 85-77 என்று வென்று, வர்ஜீனியா முதன்முறையாகச் சாம்பியன் ஆனது. ஹன்டர் மட்டும் 27 புள்ளிகள். கோப்பையைவிட, தோற்ற அதே பையன்களே அதை வென்றார்கள் என்பதுதான் என் கண்ணை நிறைத்தது.

இப்போது அப்படி ஒரு கதை நடப்பது கடினம். 2021 முதல் ஆட்டக்காரர் ஒரு சீசன் வெளியே உட்காராமலேயே வேறு கல்லூரிக்கு மாறலாம். தன் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம். அரங்கத்தை நிரப்பிய பையன்களுக்குப் பணம் போய்ச் சேருவது நியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பல காலம் அவர்களைத் தவிர எல்லாரும் சம்பாதித்தார்கள். ஆனால் அதே விதிகளால் இன்று தோற்ற அணி ஏப்ரலிலேயே கலைந்துவிடுகிறது. தோல்வியைச் சுமந்துகொண்டு யார் திரும்பி வருவார்?

பென்னெட் 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது, ஓய்வு பெற்றார். இந்தப் புதிய சூழலுக்குத் தான் பொருத்தமான பயிற்சியாளர் அல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார். 2025இல் அந்த இடத்துக்கு வந்தவர் ரயன் ஓடம். 2018இல் யுஎம்பிசியின் பயிற்சியாளராக இருந்து வர்ஜீனியாவை வீழ்த்தியவர் அவர்தான். அவருடைய அப்பா முன்பு வர்ஜீனியாவில் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். ரயன் சிறுவயதில் இதே அணிக்குப் பந்து எடுத்துக் கொடுத்த பையன். அவருடைய முதல் வர்ஜீனியா அணியில் பெரும்பாலும் புது முகங்கள். பெல்ஜியத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும்கூட வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவராவது நான்கு சீசன் இருக்க மாட்டாரா என்று ஆசையோடுதான் ஒவ்வொரு பெயரையும் கற்றுக்கொண்டேன்.