வாக்குக் கொடுத்தவரும் வாக்களித்தவரும்

தமிழிலே ‘வாக்கு’ என்னும் ஒரே சொல் இரு பொருள்களுக்குப் பெயராய் நிற்கின்றது. தேர்தல் மேடையில் நிற்பவர் மக்களுக்கு வாக்குக் கொடுக்கின்றார். மேடையின் கீழே நிற்பவர்கள் அவருக்கு வாக்களிக்கின்றார்கள். ஆகவே தேர்தல் என்பது வாக்குக்கு வாக்கு மாற்றிக்கொள்ளும் ஒருவகைப் பண்டமாற்று எனலாம். ஆயினும் இந்தப் பண்டமாற்றிலே ஒரு குறை உண்டு. நாம் கொடுக்கும் வாக்குப் பெட்டிக்குள் விழுந்தபின் மீளாது. அவர் கொடுத்த வாக்கோ ஒலிபெருக்கியின் ஓசை அடங்குமுன்னரே மறக்கப்படலாம். திருநெல்வேலிச் சந்தையிலே கத்தரிக்காய் வாங்குபவர்கூடச் சொத்தை பார்த்துத்தான் காசை நீட்டுகின்றார். ஐந்தாண்டுகளுக்கு நாட்டையே ஒப்படைக்கும் நாம் எதைப் பார்த்து ஒப்படைக்கின்றோம்?

உயர்தர வகுப்பிற்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு இஃது ஏட்டுக் கேள்வியன்று. தேர்தல் முறைகளைப் பற்றிய பாடத்தின் நடுவே ஒரு மாணவன் எழுந்து, “சேர், ஆர் வந்தாலும் சொன்னதைச் செய்யமாட்டினம். பிறகேன் நாங்கள் வாக்குப் போடுவான்?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன், தான் வெளிநாடு போய்விடப்போவதால் தனக்கு அந்தக் கவலையே இல்லை என்றான். வகுப்பு இன்னும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடையிலே ஒருவர் பொய் சொல்வதைக் காட்டிலும், வாழ்க்கையைத் தொடங்குமுன்னரே ஒரு பிள்ளை ‘எல்லாம் பொய்’ என்று முடிவுகட்டிவிடுவது பெரிய ஆபத்து. எல்லாரும் பொய்யர் என்று நம்புகின்றவன், பெரிய பொய்யனையும் சிறிய பொய்யனையும் மெய்யனையும் பிரித்தறிய முயலமாட்டான். அதனால் இலாபம் அடைகின்றவன் பெரிய பொய்யனே.

உண்மை நிலை யாது? வாக்குறுதிகளை எண்ணிப் பார்த்தவர்கள் உளர். 2017ஆம் ஆண்டிலே வெளியான ஓர் ஆய்வு, 12 நாடுகளில் 57 தேர்தற் பிரசாரங்களிலே கொடுக்கப்பட்ட 20,000க்கும் மேற்பட்ட வாக்குறுதிகளை எடுத்து ஆராய்ந்தது. தனிக்கட்சி ஆட்சிகள் கூட்டாட்சிகளைவிட அதிகமாய்த் தம் வாக்கைக் காத்தன என்பதும், பொதுமக்கள் எண்ணுவதிலும் அதிகமான வாக்குறுதிகள் முழுமையாகவோ ஓரளவோ நிறைவேறின என்பதும் அவ்வாராய்ச்சியின் முடிபு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பத்திரிகை ஒன்று 2007இல் ‘பொலிட்டிஃபக்ட்’ என்னும் பகுதியைத் தொடங்கி, பின்னர் சனாதிபதி ஒபாமாவின் 500க்கும் மேற்பட்ட வாக்குறுதிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தது. அவருடைய எட்டாண்டுகள் முடிந்தபோது அவற்றுள் ஏறக்குறைய பாதி நிறைவேறியிருந்தன. காற்பங்களவு விட்டுக்கொடுப்போடு நிறைவேறியிருந்தன. எஞ்சிய காற்பங்களவே கைவிடப்பட்டிருந்தன. ‘எல்லாரும் பொய்யர்’ என்னும் கூற்று அங்கே பொய்த்துப் போயிற்று.

நிற்க. அந்த 12 நாடுகளுள் இலங்கை இல்லை. நமது கணக்கை நாமே பார்க்கவேண்டியிருக்கின்றது.

1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே, இருபத்துநான்கு மணித்தியாலத்துள் சிங்களத்தை அரசகரும மொழியாக்குவோம் என்னும் வாக்குறுதி ஒலித்தது. ஏப்பிரலிலே தேர்தல் முடிந்தது. யூனிலே பாராளுமன்றத்திற் சட்டம் நிறைவேறிற்று. இருபத்துநான்கு மணித்தியாலம் இரண்டு மாதமாயிற்றேயன்றி வாக்குத் தவறவில்லை. அதே பிரதம மந்திரி 1957 யூலையில் திரு. செல்வநாயகத்தோடு செய்த உடன்படிக்கை 1958 ஏப்பிரலிலே கிழித்தெறியப்பட்டது. 1965 மார்ச்சிலே திரு. டட்லி சேனநாயக்கா கையொப்பமிட்ட மற்றோர் உடன்படிக்கையின்படி அமையவேண்டிய மாவட்ட சபைகளின் மசோதா 1968இல் கைவிடப்பட்டது.

இவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். வாக்குக் காப்பதும் தவறுவதும் தனிமனிதரின் நாணயத்தை மட்டும் பொறுத்தவையல்ல. மேடையிலே இலட்சக்கணக்கானோர் கேட்கக் கொடுத்த வாக்கை மீறினால் அடுத்த தேர்தலிலே தண்டனை உண்டு. அறைக்குள்ளே சிறுபான்மையோருக்கு எழுதிக் கொடுத்த வாக்கைக் காத்தாலோ, அதே தண்டனை காத்தவருக்கே கிடைக்கக்கூடும். வாக்கு எவருக்குக் கொடுக்கப்பட்டது, அதனை மீறினால் தண்டிக்கும் வல்லமை அவரிடம் உண்டா என்பதே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி. இதனை நம்மவர்கள் அனுபவத்தால் அறிவார்கள்.

இனி, அரிசிக் கதையைப் பார்ப்போம். பங்கீட்டரிசி 1966இன் இறுதியிலே வாரத்துக்கு இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டது. ஆனால் அந்த ஒரு கொத்து இலவசமாயிற்று. 1970ஆம் ஆண்டுத் தேர்தலிலே ஐக்கிய முன்னணி இரண்டாவது கொத்தை மீட்டுத் தருவோம் என்றது. சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்ற பேச்சு அக்காலத்திலே நாடெங்கும் உலாவிற்றென்று பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பர். வெற்றி கிட்டியது; இரண்டாவது கொத்தும் விலைக்கு வந்தது. ஆனால் 1973இலே உலகச் சந்தையில் உணவின் விலையும் எண்ணெயின் விலையும் ஏற, பங்கீடு மறுபடியும் வெட்டுண்டது. இங்கே வாக்குறுதி காக்கப்பட்டதா, மீறப்பட்டதா? 1971இல் எழுதிய நிருபர் ஒரு விடை எழுதியிருப்பார். 1974இல் எழுதியவர் வேறு விடை எழுதியிருப்பார். எந்த நாளிற் கணக்குப் பார்க்கின்றோம் என்பதும் கணக்கின் ஒரு பகுதியே.

இன்னொரு வகை வாக்குறுதி உண்டு. அது சாவதுமில்லை, பிழைப்பதுமில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பினால் வந்த நிறைவேற்றதிகாரச் சனாதிபதி முறையை 1995 யூலை 15ஆம் திகதிக்குள் ஒழிப்பதாக 1994இலே வாக்குக் கொடுக்கப்பட்டது. அந்தத் திகதி வந்து போயிற்று, பதவி போகவில்லை. 2015இலும் அதே வாக்குறுதி எழுந்தது. பத்தொன்பதாம் திருத்தம் அதிகாரங்கள் சிலவற்றைக் குறைத்தது; 2020இல் இருபதாம் திருத்தம் அவற்றைத் திருப்பிக் கொடுத்தது; 2022இல் இருபத்தோராம் திருத்தம் மறுபடியும் குறைத்தது. 2024ஆம் ஆண்டுத் தேர்தலிலும் அதே வாக்குறுதி புதுச் சட்டை போட்டு மேடையேறிற்று. முதலில் அதனைக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது அதற்குக் கைதட்டுகின்றார்கள்.

மேலும், காக்கப்பட்ட வாக்கெல்லாம் நன்மை என்றும் கொள்ளலாகாது. நம்மிலே பலர், நடிகமணி வைரமுத்துவின் மயானகாண்டத்தை விடியவிடியப் பார்த்த தலைமுறையின் பிள்ளைகள். சத்தியம் காப்பதே தலையாய அறம் என்று கேட்டு வளர்ந்தவர்கள். எனினும், அரிச்சந்திரனோடு தசரதனையும் நாம் நினைத்துப் பார்க்கவேண்டும். இன்னது தருவேன் என்று வரையறுக்காமல், கேட்டபோது கேட்டதைத் தருவேன் என்று இரண்டு வரங்களைக் கொடுத்தான் அவன். வாக்கைக் காத்தான், அயோத்தி கண்ணீரில் மூழ்கிற்று. 2019ஆம் ஆண்டுத் தேர்தலிலே வரிகளைக் குறைப்போம் என்று வாக்குறுதி கொடுக்கப்பட்டது. தேர்தல் நடந்த இரண்டு வாரங்களில், டிசெம்பர் முதலாந் திகதி தொடக்கம், பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாயிற்று. இவ்வளவு விரைவாக நிறைவேறிய வாக்குறுதி அரிது. அரச வருமானம் வீழ்ந்தது. கொரோனா நோயும் உல்லாசப் பயணத்துறையின் முடக்கமும் சேர்ந்துகொண்டன. 2022 ஏப்பிரலிலே வெளிநாட்டுக் கடனைச் செலுத்தவியலாதென்று நாடு அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாம் வரிசையில் நின்ற நாட்களிலே, அந்த வாக்குறுதி காக்கப்பட்டதன் விலையிலும் ஒரு பங்கைச் செலுத்திக்கொண்டிருந்தோம்.

அதே தேர்தல் விஞ்ஞாபனத்திலே இயற்கைப் பசளைக்கு மாறுவதற்குப் பத்தாண்டுகள் குறிக்கப்பட்டிருந்தன. 2021இலே செயற்கைப் பசளையின் இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தபின், அவ்வாண்டின் நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டது. பத்தாண்டென்று சொன்னதைச் சில வாரங்களிற் செய்வதும் வாக்கு மீறலே என்பதை விஞ்ஞாபனத்தைக் கையில் வைத்திருந்தவரே சொல்லமுடியும்.

இவ்விடத்திலேதான் பத்திரிகையாளரின் கடமை தொடங்குகின்றது. தேர்தற் காலத்துப் பத்திரிகையைப் பாருங்கள். இன்னார் இன்ன இடத்திலே இன்னது செய்வேன் என்றார், எதிர்க்கட்சிக்காரர் அது பொய் என்றார், மாலைகள் விழுந்தன, சனத்திரள் அலைமோதிற்று. இது செய்தியன்று, மேடையின் எதிரொலி. ஒவ்வொரு வாக்குறுதியின் முன்னும் நிருபர் மூன்று கேள்விகளை வைத்தாற் போதும். இதற்குப் பணம் எங்கிருந்து வரும்? இதனைச் செய்யும் அதிகாரம் உம்மிடம் உண்டா, பாராளுமன்றத்திலே மூன்றிலிரண்டு வேண்டுமா, மாகாண சபையின் கையில் இருக்கின்றதா? எந்தத் திகதிக்குள்? இம்மூன்றுக்கும் விடையில்லாவிடின், விடையில்லை என்று அச்சிடுவதே நேர்மையான செய்தி. சிங்களத்திற் சொன்னதும் தமிழிற் சொன்னதும் ஒன்றுதானா என்பதையும் இருமொழியறிந்த நிருபர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

தேர்தல் முடிந்தபின் வேலை இன்னும் பெரிது. கடைக்காரர் கடன்கொப்பி வைத்திருப்பதுபோலப் பத்திரிகைகளும் ஒரு கொப்பி வைத்து, ஆண்டுதோறும் அதனை வாசகர் முன் விரிக்கவேண்டும். அதிலே ‘செய்தார்’, ‘செய்யவில்லை’ என்னும் இரண்டு பத்திகள் போதா. முயன்று தடைப்பட்டது வேறு. முயலாமலே விடப்பட்டது வேறு. பாதி நிறைவேறியது வேறு. நிறைவேறித் தீங்கு விளைத்தது வேறு. வேறுபாடறிந்து எழுதாத பத்திரிகை, கோபத்தை வளர்க்குமேயன்றி அறிவை வளர்க்காது.

இதற்கு எங்கள் ஊர்க் குளமே சான்று. ஒவ்வொரு தேர்தலிலும் அதனைத் தூர்வாரித் தருவோம் என்பார்கள். ஒவ்வொரு மாரியிலும் அது கோரைப்புல்லோடு நிற்கும். ‘ஏமாற்றிவிட்டான்’ என்பதே ஊரின் தீர்ப்பாயிருந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் படிப்பித்த கையோடு, பழைய மாணவர் மூவரைச் சேர்த்துக்கொண்டு ஒரு விண்ணப்பம் எழுதினேன். வந்த மறுமொழி ஊரை வியப்பில் ஆழ்த்திற்று. பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. வேலைக்கான கேள்விப்பத்திரம் உரிய காலத்திற் கோரப்படாமையால், ஆண்டிறுதியிலே அந்தப் பணம் திறைசேரிக்குத் திரும்பிவிட்டது. ஏமாற்றியவர் என்று நாம் ஏசியவர் பணத்தைப் பெற்றுத்தான் கொடுத்திருந்தார். ஒரு கந்தோரின் மேசையிலே கோப்பு உறங்கியிருந்தது. ஆயினும் உறங்கிய கோப்பை எழுப்பாத குற்றம் அவருக்கும் உண்டு. கேளாதிருந்த குற்றம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. இந்த விபரத்தை உள்ளூர் நிருபர் ஒருவர் தொகையும் ஆண்டும் குறித்து நான்கு வரியில் எழுதினார். அடுத்த கூட்டத்துக்கு வந்த வேட்பாளர் குளத்தின் பெயரைச் சொன்னபோது ஒருவரும் கைதட்டவில்லை. பின்வரிசையிலிருந்த ஓர் ஆச்சி, “கேள்விப்பத்திரம் எப்ப போடுவியள், தம்பி?” என்று கேட்டார்.

அந்த நான்கு வரியின் வல்லமை நான்கு தலையங்கங்களுக்கு இல்லை என்பேன். மேடையை அஞ்சச் செய்வது ஏச்சன்று, குறிப்பான கேள்வி. தேர்தல் விஞ்ஞாபனங்கள் வீட்டுக்கு வரும்போது அவற்றைக் கடலை சுற்றக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பிரதியை ஊர் வாசிகசாலையிலே, பத்திரிகைகளுக்கு அருகில், நூலிற் கட்டித் தொங்கவிடுங்கள். ஆண்டுக்கொருமுறை, பிள்ளைகள் சிலர் பென்சிலோடு அமர்ந்து, நடந்ததற்கு ஒரு குறியும் நடவாததற்கு ஒரு குறியும் இடட்டும். வாக்கைக் கொடுத்தவர் மறக்கலாம். கேட்டவர்கள் மறக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.