கடலே அகழியான விழிஞம்

ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் எங்கள் குமரிக் கரைகளில் வள்ளம் இறக்குவது பெரும்பாடு. அந்த மாதங்களில் மாமா மீன் எடுக்க விழிஞத்துக்குத்தான் வேனை விடுவார். பள்ளிக்கூடம் இல்லாத நாளென்றால் நானும் தொற்றிக்கொள்வேன். பாறைகள் வளைத்துக் காத்த சிறிய குடா. ஒரு பக்கம் பள்ளிவாசல், மறுபக்கம் மாதா கோயில், நடுவில் நெருக்கியடித்து வள்ளங்கள். “கடலு இங்கதான் மக்கா அடங்கிக் கெடக்கும்” என்பார் மாமா. ஏலம் முடிந்ததும் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும். அந்த எரிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

அந்த அடக்கத்துக்காகத்தான் அரசர்கள் அடித்துக்கொண்டார்கள் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். விழிஞம் ஆய் வேளிரின் துறைமுகம். 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் அதை வென்றான். முதலாம் ராஜராஜனின் தளபதி பிடித்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. கடலையே அகழியாகக் கொண்ட இடம் என்று அது வியப்பதைப் படித்தபோது, மாமா இதை முன்பே சொல்லிவிட்டாரே என்றுதான் தோன்றியது.

அகழி அப்படியிருக்க, கடல் வழியாக மோதுவானேன்? ஆரல்வாய்மொழிக் கணவாய், சுசீந்திரம், கோட்டாறு என்று தரை வழியாகவே படைகள் வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. எங்கள் கோட்டாற்றுக்குச் சோழர் மும்முடிச் சோழநல்லூர் என்று பெயர் வைத்ததும் சும்மா இல்லை. முதலாம் குலோத்துங்கன் ஒரு படி மேலே போய், கோட்டாறு உட்பட வழிநெடுக நிலைப்படைகளை நிறுத்தினான். துறைமுகத்தைப் பிடித்துவிட்டு ஊருக்குத் திரும்பினால் மறுவருடம் கைவிட்டுப் போகும் என்று பட்டுத் தெரிந்தவர்கள் போலிருக்கிறது.

விழிஞத்தில் ஒற்றை அறைக் குடைவரை ஒன்றும் உண்டு. வெளிச்சுவரில் சிவன் உருவங்களைப் பாதி செதுக்கியபடியே விட்டிருக்கிறார்கள். உளிக்காரர்களை எந்தப் படையெடுப்பு விரட்டியதோ!

பழைய குடாவுக்குப் பக்கத்திலேயே 2025 மே 2 அன்று சரக்குப் பெட்டகத் துறைமுகத்தை முறைப்படி திறந்தார்கள். கரையருகிலேயே ஏறக்குறைய 20 மீட்டர் இயற்கை ஆழம், பன்னாட்டுக் கப்பல் பாதைக்குச் சுமார் 10 கடல் மைல். பாண்டியனும் சோழனும் தப்பான இடத்துக்குச் சண்டை போடவில்லை. பெரிய கப்பல் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் குடைவரையையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.