ஸ்டீரிங் ஆட்டம்

ஸ்டீரிங் ஆடுகிறது என்று பழைய வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், பெரும்பாலான மெக்கானிக்குகள் முதலில் கை வைப்பது ஸ்டீரிங் பெட்டியில்தான். அதன் தலையில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதைப் பிடித்து வைக்க ஒரு லாக் நட்டு. நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கால் சுற்றோ அரைச் சுற்றோ உள்ளே இறக்கினால் ஆட்டம் குறைந்த மாதிரி இருக்கும். ஐந்து நிமிஷ வேலை. நூறு ரூபாய் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம். என் தம்பி மகனுடைய பிக்கப்புக்கு இந்த வைத்தியம் ஒரே வருஷத்தில் மூன்று முறை நடந்திருக்கிறது.

வண்டி அந்தக் கால மகிந்திரா டீசல் பிக்கப். ஜீப் மூக்கு, பின்னால் இரும்புத் தொட்டி, முன்னாலும் பின்னாலும் பட்டை ஸ்பிரிங். பவர் ஸ்டீரிங் எல்லாம் கிடையாது. நம் வயதுக்காரர்களுக்கு இந்த மூக்கு நல்ல பழக்கம். 1947-ல் மகிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்ததிலிருந்து, தாசில்தார் முதல் டூரிங் டாக்கீஸ்காரர் வரைக்கும் ஏறாதவர் யார்? பையன் இதை மூன்றாம் கையாக வாங்கினான். மாட்டுத் தீவனம், சிமெண்ட், அறுவடை நாளில் நெல் மூட்டை, நடுவில் விசைத்தறிக்காரர்களின் நூல் மூட்டை என்று பள்ளிப்பட்டிலிருந்து பொதட்டூர்பேட்டை, நகரி, சோளிங்கர் வரை ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

போன ஆனி மாதம் ஒரு நாள் வந்து, "பெரியப்பா, எதிர்ல லாரி வந்தா வயித்தக் கலக்குது. நான் ஒரு பக்கம் திருப்பறேன், வண்டி யோசிச்சிட்டு அப்புறம் திரும்புது" என்றான். கூடவே, ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு திருத்தணிக்குக் காவடி எடுத்துப் போவதாகவும், பதினைந்து பேரையும் இதே பிக்கப்பில் பின்னால் ஏற்றிப் போவதாகவும் சொன்னான். எனக்கு முதல் சேதியை விட இரண்டாவது சேதிதான் வயிற்றைக் கலக்கியது.

நான் மோட்டார் மெக்கானிக் இல்லை. மாவட்டத்தின் அந்தக் கோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் 31 வருஷம் ஓட்டியவன். ஆனால் ஆட்டம் என்பது எந்த மெஷினிலும் ஒன்றுதான். இந்த முனையில் கொடுக்கிற அசைவு அந்த முனைக்குப் போகவில்லை என்றால், நடுவில் எங்கேயோ அது தொலைகிறது. தொலைகிற இடத்தைக் கண்ணால் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது என்று எங்கள் ஃபோர்மேன் கத்துவார். அவர் கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

முதலில் அளந்தோம். வண்டி சமதரையில், முன் சக்கரம் நேராக, இன்ஜின் நிறுத்தியபடி. ஸ்டீரிங் வட்டத்தில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, சக்கரம் அசையாமல் வட்டம் மட்டும் எவ்வளவு தூரம் சும்மா போய் வருகிறது என்று டெய்லர் டேப்பில் பார்த்தோம். ஆறரை அங்குலம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 98-வது விதி இதற்கு ஒரு எல்லை வைத்திருக்கிறது: ஸ்டீரிங் வட்டத்தில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. இந்த வண்டியின் வட்டம் 16 அங்குலக் குறுக்களவு, சுற்றளவு 50 அங்குலம். 30 டிகிரி என்றால் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, நாலு அங்குலத்துக்குச் சற்று மேல். அதுவே தாராளம் என்பது என் எண்ணம். நம் வண்டி அந்தத் தாராளத்தையும் தாண்டி ஒன்றரைப் பங்கு. எட்டு வருஷத்துக்கு மேல் ஆன சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. வேண்டும். அது எப்படித் தாண்டியது என்று நான் கேட்கவில்லை.

அடுத்து, நாலு சக்கரத்துக்கும் கல் கொடுத்து, பையனை மேலே உட்கார வைத்து, "பெரிசா திருப்பாதே, கடிகாரப் பெண்டுலம் மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு நான் சாக்கை விரித்து அடியில் படுத்தேன். (அறுபத்தெட்டு வயதில் வண்டிக்கு அடியில் போவது சுலபம், வெளியே வருவதுதான் பாடு.) அங்கே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு இணைப்பிலும் கையை வைத்து, ஒரு பக்கம் அசையும்போதே மறுபக்கமும் அசைகிறதா, தாமதித்து அசைகிறதா என்று பார்ப்பது. ஸ்டீரிங் தண்டு, அதிலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம், அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க், இரண்டு சக்கரத்தையும் கோக்கும் டை ராடு. இந்த வரிசைதான்.

பெட்டிக்குள் தொலைந்தது ஒரு அங்குலம் கூட இல்லை. மூன்று முறை இறுக்கியிருக்கிறார்களே, இருக்காது. ஆனால் பெட்டி தானே சேஸிஸ் மேல் லேசாக நகர்ந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் இரண்டு தளர்ந்திருந்தன. டிராக் லிங்கின் இரண்டு முனையும், வலது பக்க டை ராடு எண்டும் பல் ஆடுகிற மாதிரி ஆடின. டிராக் லிங்கின் முன் முனையில் கையை வைத்தபோது ஏதோ குத்தியது. டார்ச் அடித்துப் பார்த்தேன்.

அந்த முனையில் இருப்பது கேசில் நட்டு. கோட்டை மதில் மாதிரி தலையில் வெட்டு வெட்டாக இருக்கும். அந்த வெட்டு வழியாக, போல்ட்டின் துளைக்குள் ஒரு ஸ்ப்ளிட் பின் நுழைத்து மடக்கிவிட்டால், வண்டி எத்தனை குலுங்கினாலும் நட்டு கழலாது. இரண்டு ரூபாய்ச் சாமான். அந்த இடத்தில், வீடு கட்டும்போது கம்பி கட்டுவார்களே, அந்தக் கட்டுக்கம்பியை நுழைத்து முறுக்கியிருந்தது. கம்பி துருப்பிடித்து ஒரு பக்கம் அறுந்துவிட்டது. அறுந்த முனைதான் என் விரலைக் குத்தியது. நட்டு இரண்டு மரை கழன்று நின்றது. இன்னும் சில மரை கழன்று டிராக் லிங்க் விழுந்தால், ஸ்டீரிங் வட்டம் கையில் சுற்றும், சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். இறக்கி வெளியே வந்து பையனிடம் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. முந்தின நாள் நாற்பது மூட்டை சிமெண்டோடு நகரி ரோட்டில் வந்தவன்.

மேலே இருக்கிற ஸ்க்ரூவை மட்டும் இறுக்கிக்கொண்டிருந்ததால் அடியில் இருந்தது யார் கண்ணிலும் படவில்லை. போதாததற்கு அந்த ஸ்க்ரூ வேறு கெடுதல் செய்திருந்தது. பெட்டிக்குள் தேய்மானம் நடு இடத்தில்தான் அதிகம், வண்டி நேராகப் போகிற நேரம்தானே அதிகம். நடுவில் வேறெங்கோ இருக்கும் ஆட்டத்தைப் போக்க ஸ்க்ரூவை இறக்கிக்கொண்டே போனால், தேயாத ஓரங்களில் பல் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்பாது. "ஆமா பெரியப்பா, வளைவு முடிஞ்சதும் நான்தான் இழுத்து விடணும்" என்றான் பையன்.

இணைப்புகள் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்ததற்கு நம் ஊர் ஆறும் காரணம். அந்த 98-வது விதியே, பந்து இணைப்புகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எழுதியவர் அடியில் படுத்துப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். இந்த வண்டியில் மூடி கிழிந்து பல நாள் ஆகியிருந்தது. ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் நம் தரைப்பாலங்கள் மேல் தண்ணீர் ஓடும். 2021 நவம்பரில் பாலமே போனதைப் பார்த்தோம். தண்ணீர் வடிந்ததும் வடியாததுமாக வண்டிகள் இறங்கி ஏறும். கிழிந்த மூடிக்குள் ஆற்று மணலும் தண்ணீரும் போனால் கிரீஸ் என்ன செய்யும்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

சாமான் வாங்க நானே போனேன். திருத்தணி வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், பிறகு ஜி.பி. ரோடு. புதுப்பேட்டையில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றான் பையன். கதவும் பம்பரும் அங்கே வாங்கலாம், ஸ்டீரிங் சாமான் பழசு வாங்க எனக்கு மனசு வராது. மூன்று எண்டு, ரப்பர் மூடிகள், புது போல்ட்டுகள், கை நிறைய ஸ்ப்ளிட் பின். எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம்.

பூட்டுவதற்கு ஊரிலேயே ஒரு பெரியவரைப் பிடித்தேன். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். இந்தப் பக்கம் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1-ல்தான், ம.பொ.சி. போராடிய போராட்டம் உங்களுக்குத் தெரியும். கோடு மாறியது, நாக்கு மாறவில்லை. பழைய எண்டைக் கழற்ற அவர் போல்ட்டின் தலையில் அடிக்கவில்லை. எண்டு உட்கார்ந்திருக்கும் கண்ணின் இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் ஒரு போடு. டக்கென்று கீழே விழுந்தது. "மரைய அடிச்சா மரை போயிடும் சார்" என்றார். அவ்வளவுதான் பாடம்.

பெட்டி போல்ட்டுகளை மாற்றியபோது சேஸிஸைக் கம்பி பிரஷால் தேய்த்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. முன் சக்கரங்களைத் தூக்கிச் சுற்றி, டயரின் நடுவில் சாக்குக் கட்டியால் கோடு போட்டு, முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் டேப்பில் அளந்து, முன்பக்கம் ஓரிரு மில்லி குறைவாக டை ராடைத் திருப்பி வைத்தோம். பெட்டிக்குத் தொண்ணூறு நம்பர் ஆயில் விட்டோம். அந்த ஸ்க்ரூவை எல்லாவற்றுக்கும் கடைசியில், டிராப் ஆர்மைக் கழற்றிவிட்டு, நேர் நிலையில் வைத்துச் சரி செய்தார் பெரியவர். இறுக்கவில்லை, அரைச் சுற்று தளர்த்தினார்.

மறுபடி டேப் வைத்தோம். ஒன்றேகால் அங்குலம். சோளிங்கர் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த பையன் முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு, "இப்ப பதினஞ்சு பேரையும் ஏத்தலாமில்ல பெரியப்பா?" என்றான்.

கூடாது என்றேன். சரக்கு வண்டியில் ஆளேற்றுவது சட்டப்படியும் குற்றம். அதை விடுங்கள், மூட்டை போட்ட இடத்தில் கிடக்கும், மனுஷர் கிடப்பார்களா? நின்றுகொண்டு வருவார்கள், வளைவில் எல்லாரும் ஒரு பக்கம் சாய்வார்கள், பிடித்துக்கொள்ள விளிம்புதான். ஸ்டீரிங் சரியாக இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தம்பி மனைவி, "எல்லாரும் இப்படித்தானே மாமா போறாங்க" என்றாள். போகிறார்கள்தான். இரண்டு நாள் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஆடிக் கிருத்திகை சிறப்புப் பஸ்ஸில் காவடியோடு நெருக்கியடித்துப் போனோம். பிக்கப் அண்டா, அரிசி, அடுப்போடு முன்னால் போனது. 365 படியும் என்னால் ஏற முடியவில்லை, பாதியில் இரண்டு தரம் உட்கார்ந்தேன்.

வலது பக்கக் கிங் பின் புஷ்ஷில் இன்னும் கொஞ்சம் ஆட்டம் மிச்சம் இருக்கிறது. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரியும். தை மாதம் எஃப்.சி.க்கு முன்னால் அதை மாற்ற வேண்டும். புது புஷ்ஷைப் போட்டபின் உள்ளே ரீமர் ஓட்டிச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும், அது பெரியவரிடம் இல்லை. சோளிங்கரில் ஒரு லேத் பட்டறையில் இருக்கிறதாம், அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும்.