நன்றிக்கடன்

நுழையும்முன்

மூத்தவர்க்குப் பணிவு காட்டுவது எவ்வாறு? அவர்க்கு விட்டுக்கொடுப்பதாலா? அவர் முன் நம் முழு ஆற்றலையும் காட்டுவதாலா? ஜப்பானில் நடந்த ஒரு மல்யுத்தப் போட்டியை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

*

டோக்கியோ நகரின் ரியோகொக்கு பகுதியில் அமைந்துள்ளது கொக்குகிக்கான் அரங்கம். ஜப்பானியரின் மரபு விளையாட்டாகிய சுமோவுக்கு அதுவே தலைமை அரங்கம். 2015ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அங்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர். ஆனால், அன்று நடந்தது சுமோ அன்று. கயிறு கட்டிய சதுர மேடையில் நிகழும் தொழில்முறை மல்யுத்தம். இறுதிப் போட்டிக்காக மேடையேறியவர் இருவர். கெனிச்சிரோ தென்ரியூவுக்கு வயது 65. கசுச்சிக்கா ஒகாடா ஒரு வாரத்துக்கு முன்னர்தான் 28 வயதை நிறைவு செய்திருந்தார். முதியவருக்கு அதுவே வாழ்நாளின் கடைசிப் போட்டி.

பேரன் வயதை ஒத்த ஒருவருடன் ஏன் மோத வேண்டும்? நண்பர் ஒருவரை எதிர்கொண்டு, கைதட்டலோடு விடைபெற்றிருக்கலாம். தென்ரியூ அவ்வாறு செய்யவில்லை. அதற்குக் காரணம், அவரை உறுத்திய ஒரு சொல்.

தென்ரியூ 1950ஆம் ஆண்டு ஃபுக்குயி மாவட்டத்தின் கத்சுயாமாவில் பிறந்தவர். பதின்மூன்றாம் வயதிலேயே வீட்டை விட்டு நெடுந்தொலைவிலுள்ள டோக்கியோவுக்குச் சென்று, சுமோ பயிற்சிக்கூடம் ஒன்றில் சேர்ந்தார். 1964ஆம் ஆண்டு சனவரியில் முதல் தொடரில் களமிறங்கினார். 'தென்ரியூ' என்பது சுமோவில் அவர் பூண்ட பெயர். 'வானத்து டிராகன்' என்பது அதன் பொருள்.

சுமோ பயிற்சிக்கூடம் என்பது விளையாட்டு கற்கும் இடம் மட்டுமன்று; உண்பதும் உறங்குவதும் அங்கேதான். இளையோர் விடியலில் எழுந்து பயிற்சி செய்வர். மூத்தோர்க்குப் பணிவிடை செய்வர். பயிற்சியின்போது மூத்தவர் தம் மார்பைக் காட்டி நிற்பார். இளையவர் ஓடிவந்து முழு வலிமையோடும் அம்மார்பில் மோதி, அவரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தள்ள இயலாமல் விழுவார், எழுவார், மீண்டும் மோதுவார். மண்ணும் வியர்வையும் கலந்து மூச்சு வாங்கும் வரை இது தொடரும். இதனை 'மார்பைக் கடனாகத் தருதல்' என்று ஜப்பானியர் அழகாகக் குறிப்பிடுவர். இளையவர் வளர்வதற்காக மூத்தவர் தம் உடலையே கடனாகத் தருகிறார் என்பது இதன் கருத்து.

கடன் என்றால் திருப்பித் தர வேண்டும் அல்லவா? அதற்கும் சுமோவில் ஒரு சொல் உண்டு; 'ஒன்கயேசி' என்பது அது. 'நன்றிக்கடன் செலுத்துதல்' என்பது அதன் பொருள். தமக்குப் பயிற்சி தந்த மூத்தவரைப் போட்டிக்களத்தில் வெல்வதையே அங்கு இச்சொல்லால் குறிப்பர். தோற்ற மூத்தவர் அதனை அவமதிப்பாகக் கொள்வதில்லை. தாம் தந்த கடன் வட்டியோடு திரும்பிவிட்டதாகக் கருதுவார்.

இத்தகைய உலகில்தான் தென்ரியூ தம் இளமையைக் கழித்தார். உயர்நிலைப் பிரிவை எட்டி, அதில் 'மாயெகாசிரா' என்னும் படிநிலையின் முதலிடம் வரை முன்னேறினார். பின்னர், அவர் வாழ்ந்த பயிற்சிக்கூடத்தில் பிளவு ஏற்பட்டது. அதனால் மனம் கசந்த அவர் 1976ஆம் ஆண்டு சுமோவிலிருந்து விலகித் தொழில்முறை மல்யுத்தத்துக்கு மாறினார். ஜயன்ட் பாபா என்னும் புகழ்பெற்ற வீரர் அவரை ஏற்றுக்கொண்டார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள அமரில்லோ நகருக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்தார்.

புதிய துறையில் உயர்வு எளிதில் வாய்க்கவில்லை. பாபாவின் அமைப்பில் அடுத்த தலைமகனாகக் கருதப்பட்டவர் ஜம்போ சுருத்தா. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் பங்கேற்றவர். வயதில் தென்ரியூவைவிட ஓராண்டு இளையவர் எனினும் தொழிலில் மூத்தவர். பிறவித் திறன் மிக்க சுருத்தா, தம் முழு வலிமையையும் காட்டாமலே வெல்லக்கூடியவர் என்று பேசப்பட்டார். அவருடைய முழு வலிமையையும் வெளிக்கொணர வேண்டும் என்று தென்ரியூ 1987ஆம் ஆண்டு முடிவு செய்தார். அதுவரை இணைந்து ஆடிய தோழரை எதிர்த்து நின்றார். பெருநகர் அரங்கானாலும் சிற்றூர்க் கூடமானாலும் ஒரே கடுமையுடன் மோதினார். 1989ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் சுருத்தாவை வென்று மும்மகுடப் பட்டத்தைப் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில், இருவர் இருவராக மோதிய போட்டி ஒன்றில் தம்மை வளர்த்த பாபாவையும் வீழ்த்தினார். 1994ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் டோக்கியோ டோமில் அந்தோனியோ இனோகியையும் வென்றார். ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்தின் இருபெரும் தூண்கள் பாபாவும் இனோகியும். அவ்விருவர் தோள்களையும் மேடையில் பதியச் செய்த ஒரே ஜப்பானிய வீரர் தென்ரியூ.

இவ்வெற்றிகளுக்கு அவர் உடல் விலை கொடுத்தது. தொண்டையில் வாங்கிய அடிகளால் குரல் கரகரத்துப் போயிற்று. அவர் பேசுவதைப் புரிந்துகொள்ளவே பலர் தடுமாறுவர். அறுபது வயதைக் கடந்தபின் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஓராண்டுக்கு மேல் ஒதுங்கியிருந்தவர் 2012ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் மேடையேறினார்.

அதே 2012ஆம் ஆண்டில்தான் ஒகாடா என்னும் இளைஞர் புயலெனப் புகழ் பெற்றார். தென்ரியூ சுருத்தாவை வென்றபோது ஒகாடாவுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. இளமையிலேயே மெக்சிகோ சென்று பயின்ற அவர், 24ஆம் வயதில் நாட்டின் முதன்மையான பட்டங்களுள் ஒன்றை வென்றார். 'மழையைப் பொழிவிப்பவர்' என்று தம்மை அழைத்துக்கொண்டார். அவர் குறிப்பிட்ட மழை, பண மழை! 'டோக்கியோ ஸ்போர்ட்ஸ்' நாளிதழ் ஆண்டுதோறும் வழங்கும் தலைசிறந்த வீரர் விருது 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவரையே அடைந்தது.

முன்பு அவ்விருதை அடுத்தடுத்துப் பெற்ற இனோகி, சுருத்தா, தென்ரியூ ஆகியோரைப் பற்றிய பேச்சு அப்போது எழுந்தது. அவர்கள் தம் காலத்தில் ஆடாதது அவர்களின் நற்பேறு என்னும் பொருள்பட ஒகாடா பேசினார். இளமையின் செருக்கு அது. தம்மை உயர்த்திக் காட்டுவது அவர் மேடைப் பாத்திரத்தின் இயல்பும் கூட. ஆயினும், அச்சொல்லுக்கு யார் விடையளிப்பது? இனோகி 1998ஆம் ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டார். சுருத்தா 2000ஆம் ஆண்டு இவ்வுலகை விட்டே மறைந்துவிட்டார். மேடையேறி விடை சொல்லும் நிலையில் இருந்தவர் மூவருள் தென்ரியூ மட்டுமே.

2015ஆம் ஆண்டு பிப்ரவரியில் தென்ரியூ தம் ஓய்வை அறிவித்தார். தோல்வியோ சோர்வோ அதற்குக் காரணமன்று. அவருடைய மனைவி நோயுற்றிருந்தார். இத்தனை ஆண்டுகள் தம்மைத் தாங்கிய துணைவியைத் தாம் தாங்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே அவருடைய விளக்கம். கடைசிப் போட்டிக்கு அவர் தேர்ந்தெடுத்த எதிராளி ஒகாடா. ஆகஸ்டு மாதத்தில் ஒகாடா ஆடிய அரங்குக்கே நேரில் சென்று அறைகூவல் விடுத்தார். ஒகாடா அப்போது நடப்புப் பட்ட வீரர். அறைகூவலை அவர் ஏற்றார்.

இங்கு ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தொழில்முறை மல்யுத்தத்தில் வெல்பவர் யார் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. தொலைக்காட்சியில் இதனைக் காணும் சிறுவர் பலர், "அப்படியானால் எல்லாம் பொய்தானே?" என்று கேட்பர். முடிவு மட்டுமே முன்னதாக அறியப்பட்டது. மார்பில் விழும் அடி மெய். சிவக்கும் தோல் மெய். விழும்போது அதிரும் முதுகெலும்பு மெய். கூத்து மேடையில் கர்ணன் வீழ்வான் என்பது எல்லார்க்கும் தெரியும். எவ்வாறு வீழ்வான் என்பதைக் காணத்தான் விடிய விடிய அமர்ந்திருக்கின்றனர். ஓய்வு பெறும் மூத்தவர் இளையவரிடம் தோற்று, தம் இடத்தை ஒப்படைத்துச் செல்வதும் இத்துறையில் நெடுநாளைய வழக்கம். ஆகவே, அன்று அரங்கில் இருந்தோர் நெஞ்சில் நின்ற வினா வேறு: முதியவர் எவ்வளவு தாங்குவார்? இளையவர் அவரை இரக்கத்தோடு நடத்துவாரா, மதிப்போடு நடத்துவாரா?

மணி ஒலித்தது. தென்ரியூ தம் பழைய கருவிகளையே கையாண்டார்: விரிந்த கையால் மார்பில் வெட்டும் அடி, மூடிய முட்டியால் குத்து. அவற்றில் இன்னும் வலு இருந்தது. ஆனால், கால்கள் ஒத்துழைக்கவில்லை. எதிராளியைத் தூக்கி வீச முயன்றபோது உடல் தள்ளாடியது. விழுந்த பின் எழுவதற்கே நெடுநேரம் தேவைப்பட்டது. ஒருகாலத்தில் ஜப்பானையே அதிரவைத்த மனிதர் தம் உடலோடு மல்லாடுவதைப் பார்வையாளர் கண்கலங்கிக் கண்டனர்.

ஒகாடா மெல்ல அடித்து அவரைக் காப்பாற்றியிருக்கலாம். அவ்வாறு செய்திருந்தால் அது பரிவு போலத் தோன்றியிருக்கும். உண்மையில் அதுவே பெரும் அவமதிப்பாக அமைந்திருக்கும். 'உங்களால் இனித் தாங்க இயலாது' என்று சொல்லாமல் சொல்வதாகும் அது. ஒகாடா அதனைச் செய்யவில்லை. உயர எகிறி இரு கால்களாலும் உதைத்தார். இறுதியில் தம் முத்திரை அடியைப் பயன்படுத்தினார்: எதிராளியின் கையைப் பற்றிச் சுண்டி இழுத்து, மறு கையால் கழுத்தில் ஓங்கி வீசும் அடி. பட்ட வீரர்களை வீழ்த்த எந்த அடியைக் கையாண்டாரோ, அதனையே அந்த அறுபத்தைந்து வயது முதியவர்க்கும் அளித்தார். 17 நிமிடம் 27 நொடியில் ஆட்டம் முடிந்தது. தென்ரியூ மேடையில் வீழ்ந்து கிடந்தார்.

அதன்பின் நிகழ்ந்ததே அந்நாளின் உச்சம். செருக்கே உருவானவர் என்று பெயர் பெற்ற ஒகாடா, கைகளை விரித்துக் கொக்கரிக்கவில்லை. வீழ்ந்து கிடந்த முதியவரை நோக்கி இடுப்பை வளைத்து ஆழ்ந்து வணங்கினார். பிறகு, மேடையை முழுமையாக அவர்க்கே விட்டுவிட்டு விலகிச் சென்றார். இரண்டாண்டுகளுக்கு முன் வாய் சொன்ன சொல்லுக்கு முதுகு விடை சொல்லிற்று. அவ்வாண்டின் சிறந்த ஆட்டத்துக்கான 'டோக்கியோ ஸ்போர்ட்ஸ்' விருதும் இப்போட்டிக்கே கிடைத்தது.

தென்ரியூவும் ஒகாடாவும் ஒரே கூடத்தில் பயின்றவர்கள் அல்லர். அதற்கு முன் நேருக்கு நேர் மோதியவர்களும் அல்லர். எனினும், இருவர்க்கும் இடையே ஒரு பாலம் இருந்தது. ஒகாடாவுக்கு வழிகாட்டியாக எப்போதும் உடன் நின்ற கெடோ என்பவர், 1990களில் தென்ரியூ நடத்திய அமைப்பில் ஆடி வளர்ந்தவர். ஆக, ஒகாடா அறிந்தோ அறியாமலோ, தென்ரியூ கட்டிய வீட்டின் தண்ணீர் அவர் வாய்க்காலுக்கும் வந்திருந்தது. 'என் காலத்தில் நீங்கள் இல்லாதது உங்கள் நற்பேறு' என்று சொன்னவர்க்கு, முந்தைய காலம் இல்லையேல் தம் காலமே இல்லை என்பதை முதியவர் அறிவுரையால் உணர்த்தவில்லை. சுமோக் கூடத்தில் மூத்தவர் செய்வதைப் போலத் தம் மார்பைக் காட்டி நின்றார், அவ்வளவே.

மூத்தோரிடம் வாதிடக் கூடாது, அவர்களை மிஞ்சக் கூடாது என்பது மட்டுமே பணிவு என்று பலர் எண்ணுகின்றனர். சதுரங்கம் கற்றுத்தந்த பாட்டனாரிடம் வேண்டுமென்றே தோற்கும் பேரன் உண்டு. பாட்டனார் அதனை உடனே கண்டுகொள்வார், கண்டு வருந்துவார். தாம் கற்பித்தது பேரனிடம் நிலைத்திருக்கிறதா என்பதை அறியும் வாய்ப்பை அவன் பறித்துவிட்டான் அல்லவா? முழு மனத்தோடு ஆடி வென்று, பின் அவர் காலடியில் அமர்ந்து, "அந்தக் குதிரையை நகர்த்த நீங்கள்தாம் தாத்தா கற்றுத் தந்தீர்கள்" என்று சொல்பவனே கடனைத் தீர்த்தவன். வெற்றி இல்லாத வணக்கம் வெறும் சடங்கு. வணக்கம் இல்லாத வெற்றி வெறும் செருக்கு. ரியோகொக்கு மேடையில் அன்று இரண்டும் சேர்ந்தே நிகழ்ந்தன.

*

சொல்லும் பொருளும்

அறைகூவல் – போட்டிக்கு அழைத்தல்
செருக்கு – ஆணவம்
நற்பேறு – நல்வாய்ப்பு
பரிவு – இரக்கம்
மல்லாடுதல் – போராடுதல்

சிந்தித்து எழுதுக

1. 'மார்பைக் கடனாகத் தருதல்', 'நன்றிக்கடன் செலுத்துதல்' ஆகிய இரண்டு வழக்குகளையும் உம் சொற்களில் விளக்குக.
2. ஒகாடாவின் சொல்லுக்கு விடையளிக்கக்கூடியவர் தென்ரியூ மட்டுமே எனக் கட்டுரை கூறுவது ஏன்?
3. "வாய் சொன்ன சொல்லுக்கு முதுகு விடை சொல்லிற்று" – இத்தொடரின் பொருள் யாது?
4. உம் வீட்டு மூத்தவர் ஒருவரிடம் நீர் கற்ற ஒன்றை எழுதி, அக்கடனை எவ்வாறு திருப்பித் தருவீர் என்பதை ஒரு பத்தியில் கூறுக.